போர்க்காலப் பெண் உளவாளி நாவல்களில் வருவது எவ்வளவு உண்மை?

கையில் துப்பாக்கி, காலில் ஹை ஹீல்ஸ், நடுவில் ஒரு ஜெர்மன் அதிகாரியோடு காதல். இதெல்லாம் பெரும்பாலும் கதாசிரியர் சேர்க்கும் மசாலா. நிஜ வேலை சைக்கிள் மிதிப்பதும் பெட்டி தூக்குவதும்தான்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் எஸ்.ஓ.இ. என்ற ரகசிய நாசவேலை, உளவு அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு, ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸுக்கு 39 பெண்களை அனுப்பியது. 13 பேர் திரும்பவில்லை. பெண்களை ஏன் எடுத்தார்கள்? வேலைக்குப் போகிற வயதில் ஓர் ஆண் பகலில் தெருவில் சுற்றினால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். கூடையோடு போகும் பெண்ணை யார் கவனிப்பது?

நூர் இனாயத் கானைப் பாருங்கள். திப்பு சுல்தான் வழி வந்தவர், குழந்தைக் கதை எழுதியவர். 1943 ஜூனில் வயர்லெஸ் ஆபரேட்டராக பிரான்ஸில் இறங்கினார். சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். அவர் மட்டும் சூட்கேஸில் அடங்கும் ரேடியோவோடு வீடு வீடாக இடம் மாறினார். ஒரே இடத்திலிருந்து நீண்ட நேரம் அனுப்பினால் சிக்னலை மோப்பம் பிடிக்கும் ஜெர்மன் வேன் வாசலுக்கே வந்துவிடும்.

ஆனால் அவர் ஒரு தப்பும் செய்தார்: அனுப்பிய செய்திகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். அக்டோபரில் கைதானதும் அதை வைத்தே ஜெர்மானியர் அவர் பெயரில் லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். லண்டனும் நம்பியது! 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் டகாவ் வதை முகாமில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

என்னைக் கேட்டால், அந்த நோட்டுப் புத்தகம் போன்ற மனிதத் தவறுகளுக்கு இடம் தருகிற நாவலைத்தான் நம்புவேன்.