செடானா, எஸ்யூவியா? டெல்டாக்காரர்களின் கேள்விகள்

மன்னார்குடி: சார், டிசையர் செடான் எடுக்கலாம்னு இருக்கோம். எங்க தெரு வேகத்தடை ரொம்ப ஒசரம். அடி தட்டுமா?

அளந்து பார்த்துவிடலாம். வேகத்தடையின் உச்சியிலிருந்து முன்னும் பின்னும் நாலடி தள்ளி ஆளுக்கொருவர் நின்று, தரையிலிருந்து சரியாக 30 செ.மீ. உயரத்தில் கயிற்றை விறைப்பாகப் பிடியுங்கள். டிசையரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறக்குறைய எட்டடி என்பதால்தான் இந்தக் கணக்கு. கயிற்றுக்கும் உச்சிக்கும் உள்ள இடைவெளியை 30-இல் கழித்தால் வேகத்தடையின் உயரம் வந்துவிடும். டிசையரின் தரை இடைவெளி காலியாக இருக்கும்போது 163 மி.மீ. ஐந்து பேர் ஏறி டிக்கியும் நிறைந்தால் மூன்று, நான்கு செ.மீ. அமுங்கும். ஆகவே 10 செ.மீ.க்குள் இருந்தால் தயங்காமல் எடுங்கள். 12-ஐத் தொட்டால் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பும் அன்றைக்குத்தான் உரசும். அப்போது நெக்ஸான் (208 மி.மீ.), பிரெஸ்ஸா (198 மி.மீ.) மாதிரி உயரமான எஸ்யூவி பக்கம் போவது நல்லது.

திருத்துறைப்பூண்டி: அண்ணே, வயலுக்குப் போற மண்பாதை. எஸ்யூவின்னா சேத்துல மாட்டாதுல்ல?

மாட்டும், தம்பி. நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ எல்லாமே முன்சக்கர இழுவை, டிசையரும் அதேதான். உயரம் இருந்தால் அடி தட்டாது, அவ்வளவே. சேற்றில் இழுத்து வெளியே வர டயரின் பிடியும், எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதும்தான் கணக்கு. நம் களிமண் ஈரமானால் டயர் பட்டையின் பள்ளங்களை அடைத்து வழவழவென்று ஆக்கிவிடும். போதாததற்கு எஸ்யூவி எடையும் கூடுதல், இன்னும் ஆழமாக இறங்கும்.

மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். முன் டயர் காற்று 33 பிஎஸ்ஐ இருந்தால் 20-க்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் சாக்கைத் திணித்து, இரண்டாவது கியரில் மெல்ல நகர்த்துங்கள். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் காற்று பிடியுங்கள். நடவு, அறுப்பு என்று தினமும் வயல் வரை போகத்தான் வேண்டும் என்றால் நான்கு சக்கர இழுவையுள்ள மஹிந்திரா தார் (Thar) ஜீப் மாதிரி வண்டி வேண்டும். இல்லையென்றால் ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடப்பதே மலிவு.

நாகப்பட்டினம்: ஐப்பசி, கார்த்திகையில தெருவுல முழங்கால் தண்ணி. எது தாங்கும்?

முழங்கால் தண்ணீரில் இரண்டையும் இறக்காதீர்கள். சக்கரத்தின் நடுமையத்துக்குக் கீழே தண்ணீர் இருக்கும்வரைதான் ஓட்டலாம். வாங்கும் முன் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வெளிக்காற்றை இழுக்கும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து டேப் வைத்து அளங்கள். இன்ஜின் மூச்சு இழுக்கும் இடம் அது. அதற்குள் தண்ணீர் போனால் சிலிண்டரில் நிற்கும். தண்ணீரை அமுக்க முடியாததால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

போயே ஆக வேண்டுமென்றால் முதல் கியர், ஒரே சீரான வேகம், நடுவில் காலை எடுக்கக் கூடாது. நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம்: சந்நிதித் தெருவுல வீடு, தெரு ரொம்பக் குறுகல். எது சரிப்படும்?

டிசையர் அகலம் 1735 மி.மீ., நெக்ஸான் 1804. இரண்டு பக்கக் கண்ணாடியும் தனி. எதிரே ஆட்டோ வரும் தெருவில் அந்த ஏழு செ.மீ. பெரிய விஷயம். செடான்.

தஞ்சாவூர்: அம்மாவுக்கு முழங்கால் வலி. திருச்சி ஆஸ்பத்திரிக்கு மாசம் ரெண்டு தடவை போகணும்.

அவர்கள் வீட்டில் வலியில்லாமல் உட்கார்ந்து எழும் நாற்காலியின் உயரத்தை அளந்துகொண்டு ஷோரூம் போங்கள். சீட் அதே உயரத்திலோ சற்று மேலேயோ இருக்கட்டும். செடானில் உட்காரும்போது கீழே விழுவதுபோல் இறங்க வேண்டும், எழுவது அதைவிடச் சிரமம். ஸ்கார்ப்பியோ உயரம் போனால் படி ஏற வேண்டிவரும். நடுவிலிருக்கும் சின்ன எஸ்யூவிதான் பொருத்தம். அம்மாவையே ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

திருவாரூர்: ஜிஎஸ்டி குறைஞ்சதே, எஸ்யூவிக்கும் உண்டா?

2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள் நீளமும் பெட்ரோலில் 1200 சிசிக்குள், டீசலில் 1500 சிசிக்குள் இன்ஜினும் இருந்தால் 18 சதவீதம். மீறினால் 40. செடானா, எஸ்யூவியா என்பது பொருட்டல்ல. டிசையரும் நெக்ஸானும் 18-இல் வரும். பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள்தான், ஆனால் இன்ஜின் 1462 சிசி, அதனால் 40.

பாபநாசம்: யூரியா மூட்டை ஏத்த டிக்கி பெருசா இருக்கிற எஸ்யூவி நல்லதா?

வாய் அகலம், சீட்டையும் மடக்கலாம். ஏற்ற இறக்க எஸ்யூவி சுலபம். ஆனால் மூட்டையின் நெடி, ஆட்கள் உட்காரும் இடத்துக்கே வரும், செடானில் டிக்கி தனி. எதுவானாலும் தார்ப்பாய் விரியுங்கள். சிந்திய யூரியா ஈரம் பட்டால் தகடு துருப்பிடிக்கும். சிஎன்ஜி டிசையர் வேண்டாம், டிக்கியைச் சிலிண்டரே பிடித்துக்கொள்ளும்.

வலங்கைமான்: டீசல் எஸ்யூவி எடுத்துட்டேன். அறுப்பு நேரத்துல கவனிக்க ஏதாச்சும்?

ரோட்டில் கிடக்கும் வைக்கோல். உயரமான வண்டிக்கும் அது அடியில் சுருண்டு சைலன்சரைச் சுற்றிக்கொள்ளும். டீசலில் புகை வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்போது சூடு 600 டிகிரி வரை போகும், தீப்பிடிக்க அது தாராளம். வைக்கோல் மேல் ஓட்டியிருந்தால் நிறுத்தி, சூடு ஆறியபின் குச்சியால் இழுத்தெடுங்கள். வைக்கோல் பரப்பிய களத்தில் வண்டியை நிறுத்தவே வேண்டாம்.