அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்களும் உடைகளும் கொடுக்க விரும்புகிறோம், எங்கிருந்து தொடங்குவது?

கோவையில் அலுவலக நண்பர்களோடு சேர்ந்து பணமும் துணிகளும் திரட்டி, தீபாவளியை ஒட்டி ஒரு மலைப்பகுதிப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க எண்ணுவதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவன்; நண்பர்கள் சிலரோடு பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்து வருகிறேன். தொண்டு நிறுவனம் எதுவும் நடத்தவில்லை, யாரிடமும் பணம் வாங்குவதும் இல்லை. இப்படி எழுதினாலே விளம்பரம் என்று சொல்ல ஒருவராவது வருவார் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் ஊரில் துணி கிடைப்பது அரிதன்று. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சுவதும், செக்கிங்கில் ஒதுக்கப்படும், சிறு குறையுள்ள செகண்ட்ஸும் பெரும்பாலும் ஸ்டாக் லாட்டாக, அதாவது மொத்தமாகக் குறைந்த விலைக்கு, திருப்பூரின் துணிச் சந்தையான காதர்பேட்டைக்குப் போய்விடும். முதலாளியிடம் பேசி, லேபிளை வெட்டிவிட்டு, அதில் ஒரு பகுதியைக் குழந்தைகள் பக்கம் திருப்பிவிடுகிறோம். சிக்கலெல்லாம் அளவில்தான். ஐரோப்பிய ஆர்டர்களில் குழந்தைகள் உடைக்கு உயரமே அளவு. 128, 134, 140 என்று போட்டிருப்பவை சென்டிமீட்டர்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் இத்தனை பேர் என்று ஆசிரியர் சொல்வதை மட்டும் வைத்து மூட்டை கட்டினால் பாதிப் பேருக்குத் தொளதொளவென்றிருக்கும். ஆகவே முதல் முறை வெறுங்கையோடு போய், பள்ளிச் சுவரில் அந்த உயரங்களுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் செருப்பைக் கழற்றச் சொல்லி நிறுத்தி, பெயருக்கு நேரே எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிறோம். இடத்தையும் பார்க்க வேண்டும். உள்ளே பஞ்சு எழும்பிய ஃப்லீஸ் சட்டை திருப்பூர் வெயிலுக்கு ஆகாது. ஈரோடு மாவட்டத்து மலைப்பகுதிகளான தாளவாடியிலும் கடம்பூரிலும் மார்கழிக் காலையில் ஓட வரும் பிள்ளைகள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

காங்கேயம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நன்றாகக் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி திடீரென அணிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நூல் மில்லில் வேலை பார்க்கும் அவளுடைய தாயாரிடம் ஆசிரியரோடு போய்ப் பேசினோம். "டவுசர் போட்டுட்டுத்தான் ஆடோணும்னா எம்புள்ள வேண்டாமுங்க" என்றார் அவர். கணுக்கால் வரை வரும் டிராக் பேண்டும் சற்றே நீளமான டீஷர்ட்டும் அணி முழுவதற்கும் தைத்துக் கொடுத்தோம். அவள் மறுபடியும் ஆட வந்தாள், பிளஸ் டூ முடியும் வரை ஆடினாள். பெண்பிள்ளைகள் எதை உடுத்த வேண்டும் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வீட்டில் அன்றைக்குத் திறந்த கதவு அதுதான், அவ்வளவே. பத்தாவதோடு மில்லுக்குப் போக வேண்டிய பிள்ளை இன்னும் இரண்டு ஆண்டுகள் பள்ளியில் இருந்தாள் என்பது எனக்குப் பதக்கத்தைவிடப் பெரிது. சேலம் மாவட்டத்து மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அடுத்த மாரியப்பனைத் தேடித்தான் பள்ளிக்குள் நுழைவேன் என்பவர்கள் மூன்றாம் மாதமே சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

பந்துக்கு வருவோம். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு நான்காம் எண் கால்பந்தே சரி; பெரும்பாலோர் ஐந்தாம் எண்ணை வாங்கி வந்துவிடுகிறார்கள். நம் பள்ளி மைதானங்கள் சரளையும் கருவேல முள்ளுமாக இருப்பதால், பளபளப்பான விலையுயர்ந்த பந்தைவிடத் தடித்த ரப்பர் பந்து நாள்பட உழைக்கும். காற்றடிக்கும் பம்பும், அடிக்கடி முறிந்துபோகும் அதன் ஊசியும் கொடுப்பவர் அரிது.

எனக்குள்ள மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஒன்றில் நடந்த வழங்கும் விழாவில் சிறப்பு விருந்தினர் வந்து சேரும் வரை பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவர் வந்தார், பந்தை ஒரு சிறுவன் கையில் கொடுத்தார், படம் எடுத்தார்கள். அவர் கார் ஏறியதும் பந்து திரும்பப் பெறப்பட்டுப் பீரோவுக்குள் போனது. ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளுக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டும். "வெடிச்சுப் போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்டால் என்ன சொல்வது? ஆகையால் நாங்கள், இவை ஆடித் தேய்வதற்கே தரப்படுகின்றன, கிழிந்தால் மாற்றித் தருவோம் என்று கடிதமாகவே எழுதிக் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கையொப்பம் வாங்கிவிடுகிறோம். நடுநிலைப் பள்ளியானால் உடற்கல்வி ஆசிரியர் வரும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள்; பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்தில் மூன்று அரைநாள்களே வருவார்கள்.

வருமான வரி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகை, பதிவு பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும். துணியாகவோ பந்தாகவோ கொடுத்தால் கிடைக்காது. ரொக்கமானால் 2,000 ரூபாய்க்கு மேல் போனாலும் கிடைக்காது.

தீபாவளி என்று நாள் குறித்திருப்பதை மட்டும் மறுபடி யோசியுங்கள். பக்கத்துப் பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். குளிர் உடைகளைத் தீபாவளிக்குக் கொடுங்கள். பந்து, பம்பு, அணிச் சீருடை ஆகியவற்றுக்கான பணத்தை வங்கியிலேயே வைத்திருந்து, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் வாங்கிக் கொடுங்கள்.