கால்கரிக்கு வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, பஹ்ரைனில் எட்டு ஆண்டுகளாகக் குழாய்ப் பராமரிப்புப் பொறியாளராக இருக்கும் உங்களுக்குக் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் உள்ள கால்கரியில் ஒரு நடுத்தர எண்ணெய் நிறுவனத்திலிருந்து வேலை வந்திருக்கிறது. அந்த நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறதாம். "ஆல்பர்ட்டாவில் உற்பத்தி ஏறிக்கொண்டேதானே இருக்கிறது, யார் வாங்கினால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. வரவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உற்பத்தியை வைத்து வேலையைக் கணக்குப் போடாதீர்கள்.

2024-இல் ஆல்பர்ட்டா நாளொன்றுக்குச் சுமார் 40 லட்சம் பீப்பாய் எண்ணெய் எடுத்தது. அதற்கு முன் அவ்வளவு எடுத்ததே இல்லை. எண்ணெய் எடுப்பது பெரும்பாலும் வடக்கே, ஃபோர்ட் மெக்மரி பக்கம். திட்டமிடல், வடிவமைப்பு, கொள்முதல், கணக்கு எல்லாம் கால்கரி நடுநகரக் கோபுரங்களில். இரண்டு நிறுவனங்கள் இணைந்தால் வடக்கே பம்புகள் அப்படியே ஓடும். கோபுரத்தில்தான் ஒரே வேலைக்கு இரண்டு நாற்காலிகள் ஆகிவிடும். 2020 அக்டோபரில் செனோவஸ் என்ற எண்ணெய் நிறுவனம் ஹஸ்கி என்ற இன்னொரு எண்ணெய் நிறுவனத்தோடு இணைவதாக அறிவித்தபோதே, இரு பக்க ஊழியர்களில் 20 முதல் 25 சதவீதம் பேர் போகவேண்டியிருக்கும் என்று தெரிந்துவிட்டது. ஏறக்குறைய 2,000 பேர், பெரும்பாலும் கால்கரியில். ஆண்டுக்கு 120 கோடி டாலர் மிச்சமாகும் என்று முதலீட்டாளர்களுக்குச் சொன்ன கணக்கில் அவர்களுடைய சம்பளமும் அடக்கம்.

என் நிறுவனமும் இப்படித்தான் கைமாறியது. இணைப்பு முடிந்த மறுவாரம் ஒரு கூட்ட அறைக்கு அழைத்தார்கள். எதிரே நியூஃபவுண்ட்லாந்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர். நான் பார்த்த அதே வேலையை எங்களோடு இணைந்த நிறுவனத்தில் பார்த்தவர். அன்றாடம் செய்வதை ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னார்கள். வால்வு சோதனை அட்டவணை, துரு ஆய்வு அறிக்கை, உதிரிபாகப் பட்டியல் என்று நான் எழுதியதும் அவர் எழுதியதும் ஏறத்தாழ வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. தாள்களை மாற்றிப் படித்த பிறகு இருவருக்கும் நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை. ஆறு வாரம் கழித்துப் பணிநீக்கக் கடிதம் எனக்கு வந்தது. அன்று மாலை, என் மேசையில் இருந்த பிள்ளைகளின் படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரே வீடுவரை வந்தார். இன்றும் பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார்.

வேலை போனதைவிட, அடுத்த வேலை கிடைக்காததுதான் பெரிய அடி. நான் வந்த காலத்தில் ஒரு நிறுவனம் அனுப்பிவிட்டால் எதிர்க் கட்டடத்தில் ஏறிக் கேட்கலாம். பிறகு எண்ணெய் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2009-இல் பெட்ரோ கனடா சன்கோருக்குள் போனது. 2017-இல் ஷெல்லின் எண்ணெய் மணல் (மணலோடு கலந்து கிடக்கும் எண்ணெய்) சொத்துகளில் பெரும்பகுதியை கனேடியன் நேச்சுரல் வாங்கியது; கோனோகோபிலிப்ஸ் வைத்திருந்தவற்றில் பெரும்பகுதி செனோவஸிடம் போனது. என்கானா 2020-இல் ஓவின்டிவ் என்று பெயர் மாற்றிக்கொண்டு அமெரிக்காவின் டென்வருக்கே போய்விட்டது. ஒவ்வொன்றும் எங்களுக்கு மூடிப்போன ஒரு கதவு. வேலை கொடுக்கும் எண்ணெய் நிறுவனங்கள் குறையக் குறைய, அவற்றை நம்பியிருந்த வடிவமைப்பு நிறுவனங்களும் ஒப்பந்தக்காரர்களும்கூட விலையை இறக்கவேண்டியிருக்கிறது, ஆட்களைக் குறைக்கவேண்டியிருக்கிறது.

நடுநகரில் கட்டடத்துக்குக் கட்டடம் மூடிய நடைபாலங்கள் உண்டு, பிளஸ் 15 என்பார்கள். அதில் நான் மதியம் போகும் சூப் கடையில் ஒரு காலத்தில் வரிசை படிக்கட்டு வரை நிற்கும். 2014-இல் தொடங்கிய எண்ணெய் விலைச் சரிவோடு இணைப்புகளும் சேர்ந்துகொள்ள, நடுநகர அலுவலக இடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலியானது. கடைக்காரர் முதலில் உதவிக்கு இருந்த பையனை நிறுத்தினார், அப்புறம் கடையையே. காலிக் கோபுரங்களைக் குடியிருப்புகளாக மாற்ற மாநகராட்சி 2021-இல் மானியத் திட்டமே தொடங்கியது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலை கோபுரத்திலா, ஆலையிலா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். ஆலை என்றால் துணிந்து வரலாம். நீராவி ஆலைகளை இயக்க ஆல்பர்ட்டாவில் தனிச் சான்றிதழ் வேண்டும். உங்கள் அனுபவத்தோடு அதற்கான தேர்வையும் எழுதிச் சான்றிதழ் வாங்கிவிட்டால், முதலாளி மாறினாலும் கொதிகலன் அருகில் உங்களுக்கு இடம் இருக்கும். கோபுரம் என்றால், பணி நியமனக் கடிதத்தில் பணிநீக்கம் பற்றிய பத்தியை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். இங்கே சட்டப்படி முதல் 90 நாளில் அனுப்பினால் முன்னறிவிப்பே தேவையில்லை. அதன்பின் இரண்டு ஆண்டு வரை ஒரே ஒரு வாரம். பத்து ஆண்டு உழைத்தாலும் எட்டு வாரம்தான். நீதிமன்றம் போனால் பல நேரம் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் சட்டத்தின் குறைந்தபட்சம் மட்டுமே தருவோம் என்று அந்தப் பத்தி சொன்னால் அந்த வழி அடைபட்டுப்போகலாம். நான் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

பணி அனுமதி அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டதா என்பதையும் பாருங்கள். கட்டப்பட்டது என்றால், வேலை போனபின் அனுமதி முடியும்வரை நாட்டில் இருக்கலாமே தவிர, புது அனுமதிக்கு விண்ணப்பித்து ஒப்புதல் பெறாமல் வேறிடத்தில் வேலை செய்ய முடியாது. வீடு வாங்கும் பேச்சை இரண்டு பனிக்காலம் கழியும்வரை எடுக்காதீர்கள். தங்கச்சியையும் குழந்தையையும் பள்ளி ஆண்டு முடிந்த பிறகு அழைத்துவந்தால் போதும்.

கடிதம் கைக்கு வந்ததும் அந்தப் பத்தியை எனக்கு அனுப்புங்கள். இந்தமுறை ஒவ்வொரு சொல்லாகப் படித்துச் சொல்கிறேன்.