கேளுங்க அக்கா: மாமியாருக்கு டிமென்ஷியா (மறதி நோய்), எனக்கு அழுகை

கேள்வி: அக்கா, சாயங்காலம் ஆனா போதும், மாமியார் கைப்பைய மாட்டிக்கிட்டு கதவுகிட்ட நின்னு "வீட்டுக்குப் போணும், அம்மா தேடும்"னு ஒரே பிடிவாதம். இதான் வீடுன்னு சொன்னா சண்டை. எனக்கு எதுக்கெடுத்தாலும் அழுகையா வருது. நான் போய் யார்கிட்டயாவது பேசுனா நெஜமாவே உதவுமா?
- ஈசூன் வாசகி

பதில்: உதவும்மா, ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க. இங்கிலாந்துல ஸ்டார்ட்னு ஒரு ஆய்வு, உங்கள மாதிரி வீட்ல பாத்துக்கிறவங்க 260 பேரு, அதுல ஒரு பகுதியினருக்கு தனித்தனியா 8 தடவ உக்காந்து சொல்லிக்குடுத்தாங்க, அதுவும் டாக்டர் இல்ல, பயிற்சி எடுத்த சைக்காலஜி பட்டதாரிங்க. நோயாளி எந்த நேரத்துல எதனால அடம்புடிக்கிறாங்கன்னு எழுதி வைக்கறது, மூச்சுப்பயிற்சி, வெளிய உதவி கேக்கறது, இவ்ளோதான். 2013ல வந்த முடிவுல இத கத்துக்கிட்ட பராமரிப்பாளருங்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கொறஞ்சிருந்துச்சு, 2 வருஷம் கழிச்சும் பலன் நின்னுச்சு. மருந்து மாத்திரைய விட இந்த மாதிரி ஆய்வுக்குதான் இன்னும் காசு ஒதுக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

மாமியார்கிட்ட வாதம் வேணாம்மா. "அம்மா என்ன சமைப்பாங்க?"ன்னு கேட்டு பேச விடுங்க, இருட்டறதுக்கு முன்னாடியே லைட்ட போடுங்க, முடிஞ்சா புளோக்குக்கு கீழ ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க. திடீர்னு குழப்பம் ஜாஸ்தியானா சிறுநீர்த் தொற்றாவும் இருக்கலாம், பாலிகிளினிக்ல காட்டிருங்க.

உங்களுக்காக, டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்புல பராமரிப்பாளருக்கு கவுன்சலிங் இருக்கு, டே கேர் வேணும்னா ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புல, அதான் ஏஐசில, கேளுங்க. வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வாரத்துல ஒரு சாயங்காலம் அவர் பொறுப்புல விடுங்க, அவங்க அவரோட அம்மாதானே.