ஹாங்காங் வரும் தம்பிக்கு: முதலில் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள்

மூன்று வயதுப் பெண் குழந்தையோடு வருகிறோம், பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் அரசாங்கமே பார்த்துக்கொண்டதாமே, இப்போதும் அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. நான் 1984இல் வந்தவன். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று இங்கே நம்மவர்களே அளக்கிறார்கள். நம்பாதீர்கள்.

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் என்ற பகுதியில் குடிசைகள் எரிந்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். அப்புறம்தான் அரசு அடுக்குமாடி கட்டத் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை, 120 சதுர அடி. குழாயும் கழிப்பறையும் பொது. 1972இல் கவர்னர் மெக்லஹோஸ் 18 லட்சம் பேருக்கு வீடு என்று பத்தாண்டுத் திட்டம் போட்டார். பெரிய காரியம்தான். ஆனால் புதிதாகப் பிழைக்க வந்தவனுக்கு அதில் இடமில்லை. சுங்கிங் மேன்ஷன் என்ற கட்டடத்தில் பலகைத் தடுப்புக்குள் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துப் படுத்தேன்; காலை நீட்டினால் பக்கத்து ஆளின் பெட்டி இடிக்கும். இன்றும் வாடகை கழுத்தை நெரிக்கும், தயாராக வாருங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கவலை வேண்டாம். ஹாங்காங் அடையாள அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையே போதும். என் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி எல்லாம் தாய் சேய் நல நிலையத்தில் காசு வாங்காமல்தான் போட்டார்கள்.

பள்ளிக்கூடம்தான் எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல். ஆரம்பப் பள்ளியை 1971இலும், அடுத்த மூன்று வகுப்புகளை 1978இலும் இலவசமாக்கினார்கள். ஆனால் நம் பிள்ளைகள் படித்த பள்ளியில் சீனம் சொல்லித்தரவில்லை, பிரெஞ்சு சொல்லித்தந்தார்கள்! 1997இல் ஹாங்காங் சீனாவின் கைக்குப் போன பிறகு அரசு வேலைக்குச் சீனம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றபோது, இங்கேயே பிறந்து, இங்குள்ளவர்கள் பேசும் சீன மொழியான கான்டனீஸை மீன்காரரோடு பேரம் பேசும் அளவுக்குப் பேசுகிற என் மகன், விண்ணப்பப் படிவத்தைப் படிக்க முடியாமல் திரும்பி வந்தான். நானே சந்தையில் நின்று அந்த மொழியைப் பிடித்தவன். முப்பது வருடம் இருந்தும் "எவ்வளவு" என்று கேட்கத் தெரியாதவர்கள் சொல்லும் யோசனையைக் கேட்டு ஆங்கிலப் பள்ளி தேடாதீர்கள்.

மளிகையெல்லாம் சிம் ஷா சுய் பகுதியில் கிடைக்கும், அதை விடுங்கள். கான்டனீஸ் பேசும் மழலையர் பள்ளியாகப் பாருங்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். இடத்துக்கு முந்தைய வருடக் கடைசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். விமான டிக்கெட்டை அதற்கப்புறம் எடுக்கலாம்.