உருவம் படிக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணம், கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். ஏ.எல். சோதனையில் சித்திரம் ஒரு பாடமாக எடுத்தேன், முடிவும் வந்துவிட்டது. எனக்கு மனித உருவம் செய்யத்தான் விருப்பம். களிமண்ணில் முகங்கள் செய்து பார்த்திருக்கிறேன். வீட்டில் "சிலை செய்யிறது ஆசாரிமாருடைய வேலை, உனக்கு ஏன்?" என்று கேட்கிறார்கள். கலை படித்த அண்ணா ஒருவர் "உருவம் எல்லாம் முடிஞ்ச கதை, இன்ஸ்டலேஷன் செய்யப் பழகு" என்கிறார், பொருட்களை வைத்து ஒரு இடத்தையே கலையாக அமைப்பதை. வெளிநாட்டுக் கலைக்கல்லூரிகளில் மொடலை உடையில்லாமல் நிறுத்தி வைத்துச் செய்கிறார்கள். அது இங்கே நடக்காது என்றால் எங்களால் உருவம் படிக்கவே ஏலாதா? எங்கள் பழைய சிற்பிகள் உருவத்துக்கு அளவு சொல்கிற தாலக் கணக்கை வைத்துத்தானே செய்தார்கள்? அவர்களுக்குத் தேவைப்படாத உடற்கூறு எனக்கு எதற்கு? மூன்று நான்கு வருடத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று சொல்லுங்கள்.

– ச.

அன்புள்ள ச.,

கொடுக்கலாம். உருவம் செய்யத்தான் ஆசை என்றால் அதையே படியுங்கள். வேறொன்றைப் படித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மிச்சக் கேள்விகள் எப்படி, எங்கே என்பவைதான். சிலவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உருவச் சிற்பம் படிப்பதென்றால் மூக்கையும் உதட்டையும் அச்சொட்டாகச் செய்யப் பழகுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் படிக்க வேண்டியது ஒரு ஆள் எப்படி நிற்கிறார் என்பதை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் யாரையாவது பாருங்கள். இரண்டு காலிலும் சரிபாதியாகப் பாரம் போட்டு யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. பாரம் ஒரு காலுக்கு மாறியதும் அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும், இரண்டுக்கும் நடுவில் முள்ளந்தண்டு வளைந்து சமன்செய்யும். கழுத்துக்குழியில் இருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டால், அது பாரம் தாங்கும் காலின் கணுக்காலுக்குக் கிட்ட வந்து நிற்கும். மேசன்மார் சுவருக்குப் பிடிக்கிற அதே குண்டுதான். கிரேக்கர்கள் இதை கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிலைகளில் கொண்டுவந்தார்கள். சோழர் காலத்துப் பார்வதி மூன்று இடத்தில் வளைந்து திரிபங்கமாக நிற்பதும் இதே பாரக் கணக்கில்தான். இது களிமண்ணில் தொடக்கத்திலேயே வராவிட்டால், பிறகு கண்ணிமையை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் உருவம் நிற்காது. நம் சந்திகளில் இருக்கும் சிலைகள் பலவற்றில் முகம் போட்டோவைப் பார்த்துச் செய்ததால் ஒத்துப்போகும், ஆனால் வேட்டிக்குள்ளே கால்கள் இருக்காது. அந்தக் கால்களைச் செய்யத் தெரிந்தவர்கள் நமக்கு வேண்டும்.

இனி மொடல். உடையில்லாத உடம்பை வகுப்பில் பார்த்துப் படிக்க முடியாமல் போவது இழப்புத்தான். இடுப்பும் தொடையும் சேருகிற இடத்தை உடைக்கு மேலால் ஊகிக்கலாம், படிக்க முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பார்ப்பதற்கு உடம்பு இல்லை என்று யாரும் சொல்லக் கேட்டால் எனக்குத் தாங்காது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் மேற்சட்டையோடு ஆண்கள் உள்ளே போக முடியாது. திருவிழா 25 நாளும் சின்னப் பொடியன் முதல் தொண்ணூறு வயதுக் கிழவர் வரை எத்தனை முதுகுகள்! பொடியன் கையைத் தூக்கிக் கும்பிடும்போது தோட்பட்டை எலும்பு எவ்வளவு தூரம் நகர்கிறது, கிழவரின் காறை எலும்புக்கு மேலே தோல் எப்படிக் குழிகிறது என்று பாருங்கள். சாமி காவுகிறவர்களைக் கட்டாயம் பாருங்கள். காவுதடியான கொம்பு அழுத்துகிற தோளில் கழுத்துத் தசை திரண்டு எழும்பும், தலை மற்றப் பக்கம் சாயும். அடி எடுத்து வைக்கும்போது இவ்வளவும் மாறும். இந்த வகுப்பு வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடைக்காது. ஒன்று மட்டும், கும்பிட வந்தவர்களை போன் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கீறுங்கள். ஞாபகத்தில் இருந்து கீறினால்தான் எதைப் பார்க்காமல் விட்டோம் என்று தெரியும். மறுநாள் போய் அதை மட்டும் பார்க்கலாம். குருநகர்க் கரையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படகு தள்ளுகிறவர்களின் தொடையும் கெண்டைக்காலும் இன்னொரு பாடம். பெண் உடம்புக்குக் கண்ணாடி இருக்கிறது, கூடப் படிக்கப்போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு ஒருவருக்கொருவர் நின்று உதவலாம்.

சென்னை மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையை நினைத்துப் பாருங்கள். பாறையைத் தள்ளும் நாலு பேர். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, தான் முதல்வராக இருந்த கலைக்கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரையும் மாணவர் ஒருவரையும் மாதிரியாக வைத்துத்தான் செய்தார். கூடவே இருக்கிற ஆட்களின் உடம்பு போதுமாக இருந்தது.

தாலக் கணக்கைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. அதில் ஒரு விசயத்தைப் பலர் கவனிப்பதில்லை. தாலம் என்பது முகத்தின் நீளம், நெற்றியில் மயிர் தொடங்குகிற இடத்தில் இருந்து நாடி வரைக்கும். அது 12 அங்குலம். இந்த அங்குலம் அடிமட்டத்து அங்குலம் அல்ல, செய்கிற உருவத்தோடு கூடிக் குறைகிற அளவு. ஒன்பது தாலமான நவதாலம் 108 அங்குலம். பத்துத் தாலமான தசதாலத்தில் நடுத்தரமான மத்திமம் 120, உயர்ந்த உத்தமம் 124. ஐரோப்பியக் கணக்கு முழுத் தலையை வைத்து அளக்கிறது. வளர்ந்த ஒருவர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். முகம் தலையில் முக்கால்வாசி என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், ஏழரைத் தலை கிட்டத்தட்டப் பத்து முகம் ஆகிவிடும். முகம் உயரத்தில் பத்தில் ஒன்று என்று ரோமாபுரியின் கட்டடக் கலைஞர் விட்ருவியஸும் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே தசதாலம் கற்பனை அல்ல. யாரோ மனிதர்களை நிறுத்தி வைத்து அளந்திருக்கிறார்கள். பிள்ளையாருக்கு ஐந்து தாலம் என்பதும் குழந்தை உடம்பைப் பார்த்த கண்ணில் இருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. எனவே தாலமா உடற்கூறா என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை. தாலம் நீளத்தைச் சொல்லும். எலும்பு எங்கே தோலுக்குக் கிட்ட வருகிறது, பாரம் எங்கே இறங்குகிறது என்பதை உடற்கூறு சொல்லும்.

பழைய சிற்பிகளுக்கு உடற்கூறு தேவைப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். பொலன்னறுவைச் சிவன் கோயிலில் கிடைத்த காரைக்கால் அம்மையார் செப்புத்திருமேனி அங்கே இருக்கிறது. வற்றிய மார்பும் தெரிகிற எலும்பும் மெலிந்த கையுமாக இருக்கும் ஒரு முதிய பெண்ணின் உடம்பு. மெலிந்த உடம்பை உற்றுப் பார்க்காத ஒருவரால் அதைச் செய்திருக்கவே முடியாது. அம்மையாரே தன் திருவாலங்காட்டுப் பதிகத்தில் பேயின் உடம்பை நரம்பெழுந்து, குழிவயிற்று, பரடுயர் நீள்கணைக்கால் என்று பகுதி பகுதியாகச் சொல்கிறார். கணுக்கால் எலும்பு துருத்தி நிற்கிறதையும் விடவில்லை. பாட்டிலும் செம்பிலும் இருக்கிற அந்தப் பார்வையைத்தான் கலைக்கல்லூரி வகுப்பிலும் பழக்குகிறார்கள்.

சரி, உருவம் முடிந்த கதை என்று சொன்ன அண்ணாவுக்கு. இன்ஸ்டலேஷன் நல்ல வடிவம், அதையும் படியுங்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் உருவம் முடிந்துவிட்டது என்று சொல்ல நாம் எதைச் செய்து முடித்துவிட்டோம்? இத்தனை வருடப் போருக்குப் பிறகு இங்கே உடம்புகள் நிற்கிற விதமே வேறு. செயற்கைக்கால் போட்டவர் நிற்கும்போது பாரம் எந்தப் பக்கம் போகிறது, இடுப்பு அதை எப்படி ஈடுகட்டுகிறது, ஊன்றுகோல் பிடித்துப் பிடித்து ஒரு தோள் எப்படி உயர்ந்தே இருக்கிறது? காணாமல் போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் நாள் முழுக்க இருக்கிற அம்மாக்களின் முதுகு எப்படி வளைந்திருக்கிறது? இவர்களை யார் செய்திருக்கிறார்கள்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியில் மேலே எழுகிற கைகள் இருந்தன. 2021 சனவரி 8 இரவு அதை இடித்தபோது மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், அந்த வருடமே திரும்பக் கட்டப்பட்டது. துக்கத்தைச் சொல்ல ஒரு சனம் மனிதக் கையைத்தான் தேடியது. இதை நான் மிகவும் நம்புகிறேன். உங்களைப் போல ஒருவர் நிற்கிற உடம்பைச் சரியாகப் படித்து வந்தால், இங்கே அவருக்காகக் காத்திருக்கிற வேலை ஏராளம். ஆனால் இப்படியான ஆட்களைச் செய்ய வேண்டும் என்றால் முதலில் அவர்களோடு இருந்து கதையுங்கள், அனுமதி கேளுங்கள், அப்புறம்தான் கீறுவது.

அப்படியென்றால் கலைக்கல்லூரி எதற்கு? தனியாகக் கிடைக்காதவை சில உண்டு. ஒரே நிலையில் ஒருவர் இருபது நிமிடம் நின்று, ஓய்வெடுத்து, திரும்ப நிற்பதை நாட்கணக்கில் பார்க்கிற வசதி. சுழல்மேசையைத் திருப்பிவிட்டு "இந்தப் பக்கத்தால் பார்த்தாயா?" என்று கேட்க ஒரு ஆசிரியர். அப்புறம் பட்டறை. உள்ளே வைக்கிற கம்பிச் சட்டகம் பிழைத்தால் மண் முழுவதும் ஏற்றிய பிறகு முழங்கையால் கம்பி வெளியே வரும். சிலையை வார்த்த பிறகு உடைத்தெடுக்கும் அச்சில் முதல் பூச்சுப் பிளாஸ்டருக்குச் சாயம் கலப்பார்கள், உளியால் தட்டி வரும்போது நிறம் தெரிந்தால் சிலை கிட்ட வந்துவிட்டது என்று கை மெதுவாகும். இவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக முடியும்.

மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் கலைப் பிரிவில் காண்பியக் கலை இருக்கிறது, உங்களுக்குச் சைக்கிள் தூரம். மட்டக்களப்பில் விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம், அங்கே சிங்களம் கதைக்கத் தெரிந்தால் உதவி. 1850இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியைப் பிறகு யோசிக்கலாம். எங்கே விண்ணப்பித்தாலும் போய் ஒருநாள் பட்டறையைப் பாருங்கள். மாணவர்கள் செய்து பாதியில் நிற்கும் உருவங்கள் அங்கே இருந்தால் நல்ல அறிகுறி.

வீட்டில் சொன்னதற்குச் சண்டை பிடிக்க வேண்டாம். ஆசாரிமாரிடம் போய்க் கேட்டுப் பழகுங்கள். கோபுரத்துக்குச் சுதை வேலை செய்கிறவர் சீமெந்தில் ஒரு கையை நிமிடக் கணக்கில் எழுப்புவார். அந்தக் கைவேகம் கல்லூரியில் வராது. சீமெந்து என்றதும் ஒரு விசயம். நமக்குக் கடல் எல்லாப் பக்கமும் கிட்ட. உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதினால் சீமெந்து வெடித்துக் கழரும். கம்பிக்கு மேலே போதிய தடிப்பில் சீமெந்து இருக்க வேண்டும், கலவைக்குக் கடல் மணலை அள்ளக்கூடாது. வெளியில் வைக்கிற சிலை செய்யப்போகிற எவரும் இதை முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதைக்கு முகத்தை விட்டுவிட்டு ஒரு பாதம் செய்யுங்கள், உயிரளவில், பாரம் தாங்கி நிற்கிற பாதம். மண் குயவரிடம் கேட்டால் பதமாகவே கிடைக்கும். வேலை இல்லாத நேரத்தில் ஈரத்துணி சுற்றிப் பொலித்தீனால் மூடி வையுங்கள். சூளையில் சுடுகிற எண்ணம் இருந்தால் உள்ளே கம்பி வைக்காதீர்கள், கொஞ்சம் இறுகியதும் வெட்டிக் குடைந்துவிட்டு ஒட்டுங்கள், நன்றாகக் காயவிடுங்கள். எனக்குப் படம் அனுப்பும்போது நாலு பக்கத்தாலும் மேலாலும் எடுங்கள், வெளிச்சம் ஒரு பக்கத்தால் மட்டும் விழட்டும். யாருடைய பாதம் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா