மகள் கணினி உலகத்திலேயே இருக்கிறாள், தடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கைகளுக்குப் பாதிப்பு இல்லை. இப்போது எந்நேரமும் 'செகண்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகத்தில்தான் இருக்கிறாள். அங்கே அவளுடைய உருவம் நடனமாடுவதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. தடுக்கட்டுமா?

பதில்: தடுக்காதீர்கள், அம்மா. உருவம் ஆடுவதை வைத்து, அவள் தன் நிலைமையை ஏற்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அங்கே சக்கர நாற்காலியோடு தன் உருவத்தை அமைத்துக்கொள்பவர்களும் உண்டு. எப்படித் தோன்றுவது என்பது அவள் விருப்பம். கணினியை மூடிய பிறகு எப்படி இருக்கிறாள் என்று பாருங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிசியோதெரபியையும் தட்டிக்கழித்தால், கவுன்சலரைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம். இந்த உலகம் சிகிச்சைக்குத் துணை, மாற்று அல்ல.

உடனே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உணர்வில்லாத இடத்தில் வலி எச்சரிக்காது. அசையாமல் உட்கார்ந்தால் அழுத்தப்புண் வரும், ஆறுவதற்கு மாதங்கள்கூட ஆகும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி எழும்பியோ, முன்னால் நன்றாகச் சாய்ந்தோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மருத்துவர் வேறு இடைவெளி சொல்லியிருந்தால் அதுவே சரி. திரையில் வரும் நினைவூட்டலை வேலை மும்முரத்தில் தள்ளிவிடுவாள். தனியாக ஒலிக்கும் அலாரம் வையுங்கள்.

இனி மகளுக்கு. சுற்றிப் பார்ப்பதைவிட எதையாவது கட்டுவதில்தான் நிறைவு அதிகம் என்பது எங்கள் கருத்து. உங்கள் அறையையே கட்டிப் பாருங்கள். அங்கே அளவுகள் மீட்டரில்தான் இருக்கின்றன. அம்மாவை டேப் பிடிக்கச் சொல்லி சுவர், கதவு அகலம், கட்டில் உயரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'சாண்ட்பாக்ஸ்' எனப்படும் பொது இடத்தில் நிலம் வாங்காமலே கட்டலாம். தரையில் வலது கிளிக் செய்தால் 'பில்ட்' அல்லது 'கிரியேட்' வரும், அதில் ஒரு கட்டையை எடுத்து, நீள அகலங்களை எண்ணாகவே கொடுங்கள். ஷிஃப்ட்டை அழுத்தியபடி இழுத்தால் நகல் கிடைக்கும். கடைசியில் 1.5 மீட்டர் விட்டத்தில் தட்டையான உருளை ஒன்று செய்து, அறைக்குள் நகர்த்துங்கள். சக்கர நாற்காலி திரும்ப ஏறக்குறைய அவ்வளவு இடம் வேண்டும். உருளை எங்கே கட்டிலில் இடிக்கிறதோ, அங்கேதான் நிஜத்திலும் தகராறு.

அறை ரொம்ப நெருக்கமாகத் தெரியும், அளவு தப்போ என்று பெரிதாக்கிவிடாதீர்கள். கேமரா உருவத்துக்குப் பின்னால், மேலே நிற்பதால் வரும் தோற்றம் அது. எண்ணை நம்புங்கள்.

எல்லாத் துண்டுகளையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எல் அழுத்தி இணையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றை நகர்த்தும்போது மற்றவை அங்கேயே நின்றுவிடும். கிளம்பும் முன் 'டேக் காப்பி' கொடுங்கள், ஒரு நகல் உங்கள் இன்வென்ட்டரியில் (பொருட்களின் சேமிப்பிடம்) சேர்ந்துவிடும். சாண்ட்பாக்ஸில் விட்டுவந்தவை குறித்த நேரத்தில் தானாக அகற்றப்படும். பதறாமல் இன்வென்ட்டரியில் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' கோப்புறையைப் பாருங்கள்.

துணை வேண்டுமானால், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே அங்கே இயங்கும் 'வர்ச்சுவல் எபிலிட்டி' குழுவைத் தேடுங்கள். பழகும்வரை குரலை அணைத்து, எழுத்தில் பேசுங்கள். அடிப்படைக் கணக்கு இலவசம்தான், கார்டு எண் கொடுக்க வேண்டியதில்லை.